காலமானார் பக்கத்தின் வலது காது

மனித மூளை இரண்டு பாதிகளால் ஆனது. இதை உலகம் வெகு காலமாக அறியும். ஆனால் அந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியே வேலைக்கு வைத்துக்கொண்ட முதல் நிறுவனம் என்ற பெருமை கோட்டயத்து ‘மீனச்சில் கிரணம்’ நாளிதழுக்கே உரியது. மற்ற நிறுவனங்கள் இன்றும் முழு மூளையை வைத்துக்கொண்டு திண்டாடுகின்றன.

இந்தச் சாதனை தலையங்கப் பிரிவில் நிகழவில்லை. அங்கே மூளை தேவைப்பட்டதில்லை. காலமானார் பக்கத்தில் நிகழ்ந்தது.

கிரணம் வாங்குகிறவர்கள் முதலில் ஒன்பதாம் பக்கத்தைத்தான் திறப்பார்கள். யார் போனார்கள் என்று பார்த்த பிறகே இருப்பவர்களைப் பற்றிய செய்திக்கு வருவார்கள். அமைச்சர் பெயரைத் தப்பாகப் போட்டால் ஒருவரும் கடிதம் எழுதுவதில்லை. காஞ்ஞிரப்பள்ளியில் காலமானவரின் மூன்றாவது மருமகள் பெயர் விட்டுப்போனால் குடும்பமே ஜீப் பிடித்து வந்துவிடும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை எழுதியவள் ஏலியாம்மா. அவள் காலத்தில் ஒரு ஜீப்கூட வந்ததில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பிக்கும். மலை ஊர்களிலிருந்து பத்திரிகை ஏஜென்டுகள் அழைப்பார்கள். காலமானவர் பெயர், வயது, வீட்டுப்பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு, எந்தத் தேவாலயத்தில் என்று சொல்வார்கள். பிறகு பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். அதன் பிறகு மருமக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். யாருக்கு யார் ஜோடி என்று சேர்த்து எழுதுவது ஏலியாம்மாவின் வேலை.

எல்லோருக்கும் திருமணம் ஆகியிருந்தால் இது எளிது. அந்த வட்டாரக் குடும்பங்களில் நாலில் ஒரு பிள்ளை பாதிரியாராகவோ கன்னியாஸ்திரியாகவோ போயிருக்கும். அந்த இடம் வரும்போது மருமக்கள் வரிசையில் ஓர் இடத்தைக் காலியாக விட வேண்டும். விடாவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் துணை மாறிவிடும். ஏஜென்டுகள் இந்த இடத்தில் மூச்சுவிடக்கூட நிற்பதில்லை. அதனால் ஏலியாம்மா எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்வாள்.

“பைலிச்சேட்டா, திருப்பிச் சொல்றேன், கேளுங்க.”

“உனக்கு வேற வேலை இல்லையா மோளே? செத்தவரே தன் பிள்ளைங்களைப் பத்தி இவ்வளவு விசாரிச்சதில்ல.” பூஞ்ஞார் ஏஜென்ட் பைலி, முப்பது வருடமாக மரணச் செய்தி சொல்லியும் குரலில் துக்கம் படியாதவர்.

“மூணாவது தெரேசா. அவளுக்கு மாப்பிள்ளை யாரு?”

“அவளுக்குக் கர்த்தர்தான் மாப்பிள்ளை. மடத்துல இருக்கா.”

“அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீ கேப்பேன்னு தெரியும். அதான் சொல்லல.”

இப்படித்தான் இருபத்திரண்டு ஆண்டுகள் போயின. விஞ்ஞானம் அதுவரை அந்த அலுவலகத்துக்கு வந்திருக்கவில்லை.

ஏலியாம்மாவிடம் ஓர் இரகசியம் இருந்தது. அவளுக்கு வலது காது கேட்காது. ஏழு வயதில் ஆற்றில் குளித்துச் சீழ் பிடித்து, வேனில் விடுமுறை முடிவதற்குள் அந்தக் காது நின்றுவிட்டது. வேலைக்குச் சேரும்போது மருத்துவர் கைக்கடிகாரத்தை வலது காதருகே பிடித்துக் கேட்கிறதா என்றார். கேட்கிறது என்றாள். அது பொய். விண்ணப்பத்தில் ‘உடற்குறை இல்லை’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இந்த விஷயம் தெரிந்தவர் அவள் கணவர் தங்கச்சன் ஒருவர்தான். அவர் எப்போதும் அவளுக்கு இடது பக்கம் படுப்பார். சண்டை வந்த நாட்களில் மட்டும் இடம் மாறிக்கொள்வார்.

அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்த இடம் தற்செயலாக நல்ல இடம். இடது கைப் பக்கம் தொலைபேசி. வலது கைப் பக்கம் பக்கப் பொறுப்பாளர் பேபிச்சன் சார். இடது காதில் ரிசீவரை வைத்துக்கொண்டால் உலகம் அடங்கிவிடும். தொலைக்காட்சி, டீ டம்ளர், விளையாட்டுப் பக்கத்தின் சண்டை எதுவும் இல்லை. பைலிச்சேட்டன் மட்டும் இருப்பார். பேபிச்சன் வேலை சம்பந்தமானதைச் சீட்டில் எழுதி நீட்டுவார். மற்றதை வாயால் பேசுவார்.

இந்த நிலையில்தான் மானேஜிங் எடிட்டர் குரியாச்சன் சார் கொச்சியில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது தனியாகப் போனார். வரும்போது டாக்டர் சுகேஷ் வாரியருடன் வந்தார்.

டாக்டர் வாரியர் ‘கவன ஆலோசகர்’. எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. சட்டையின் இரண்டு பைகளிலும் ஒவ்வொரு பேனா வைத்திருந்தார். மூளையின் இரண்டு பாதிகளுக்கும் சம உரிமை தருவதற்காக என்று பிறகு தெரிந்தது.

முதல் கூட்டத்தில் அவர் வெள்ளைப் பலகையில் ஒரு மூளையை வரைந்தார். அது பிளந்த பலாப்பழம் போல இருந்தது.

“வலது காதுல விழறது மூளையோட இடது பாதிக்குப் போகுது. மொழி இருக்கிறது இடது பாதியில. அதனால வார்த்தைகளை வலது காதுலதான் கேக்கணும்,” என்றார்.

“இடது காதுல கேட்டா சாரே?” என்றார் பேபிச்சன்.

“வலது பாதிக்குப் போகும். அங்க மொழி கிடையாது. அது ஒரு பாலம் வழியா இந்தப் பக்கம் வந்து சேரணும்.”

“நம்ம நாகம்படம் பாலம் மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

அறையில் பெருமூச்சு எழுந்தது. நாகம்படம் பாலத்தை அறிந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இத்தனை காலமாகத் தங்கள் தலைக்குள்ளும் அதே நெரிசல் இருந்திருக்கிறது என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

தொழிற்சங்கங்கள் இரண்டும் ஆட்சேபம் தெரிவித்தன. மொழியை இடது பாதிக்கு மட்டும் ஒதுக்கியது பாரபட்சம் என்றது ஒன்று. இடது பாதியின் மீது மட்டும் வேலைப்பளுவை ஏற்றுவது சுரண்டல் என்றது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் பேனாவைக் கீழே வைத்தன. அந்த ஒரு மணி நேரத்தில் பத்திரிகையில் பிழை ஏதும் நேரவில்லை.

அடுத்த நாள் பரிசோதனை. முப்பத்தைந்து ஊழியர்களும் ஒவ்வொருவராக ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு காதில் ஒரு சொல்லும் மறு காதில் வேறொரு சொல்லும் ஒரே நொடியில் ஒலிக்கும். கேட்டதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காதும் கேட்கிறதா என்று முதலில் தனித்தனியே பார்க்க வேண்டாமா என்று கணக்குப் பிரிவில் ஒருவர் கேட்டார். அது பழைய முறை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏலியாம்மாவின் முறை வந்தது. அவளுடைய இடது காதில் ஒரு பெண் குரல் ‘கப்பை’ என்றது. அவளும் ‘கப்பை’ என்றாள். குரல் ‘குடை’ என்றது. அவளும் ‘குடை’ என்றாள். வலது காதில் அதே சமயம் ஒலித்தவை என்னவென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

முடிவுகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. பேபிச்சன்: வலது காது எண்பத்திரண்டு சதவீதம், அலுவலகத்திலேயே முதலிடம். குரியாச்சன் சார்: இரண்டு காதும் சமம், நிர்வாகத்துக்கு உகந்த மூளை. உண்மையில் அவர் இரண்டு காதிலும் சரிபாதியைத் தவறவிட்டிருந்தார். டாக்டர் அதைச் ‘சமநிலை’ என்று எழுதினார்.

ஏலியாம்மா: இடது காது நூறு. வலது காது பூஜ்யம்.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். அவள் எழுந்து போகும்போது, ராஜினாமாக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனாள்.

“சேச்சி, இந்த மாதிரி மூளையை நான் பார்த்ததே இல்ல!” அவர் கண்கள் பளபளத்தன. “முழுக்க முழுக்க வலது பாதி. சுத்தமான வலது பாதி. நீங்க பாடுவீங்களா?”

“இல்ல சார்.”

“படம் வரைவீங்களா?”

“இல்ல.”

“கனவு?”

“எப்பவாவது. காலைல மறந்துடும்.”

“பாருங்க, அடக்கிவெச்சிருக்கீங்க! இருபத்திரண்டு வருஷம் உங்களைப் பேர் எழுத வெச்சு வீணாக்கிட்டாங்க. வார்த்தை உங்களுக்கு ஆகாது சேச்சி. உங்களுக்குக் கற்பனைதான்.”

தன் இருபத்திரண்டு ஆண்டுகளையும் ஒரே வாக்கியத்தில் காலமாக்கிய அந்த மனிதரைப் பார்த்து ஏலியாம்மா தலையாட்டினாள். வேறு என்ன செய்ய முடியும்? வாயைத் திறந்தால் காது வெளியே வந்துவிடும்.

சுற்றறிக்கை எண் 7 (கவனம்) அன்று மாலையே வந்தது. அதன்படி, காலமானார் பக்கத்தின் தொலைபேசி இனி பேபிச்சனிடம். ரிசீவர் வலது காதில் மட்டும். இடது காதில் பஞ்சு, அலுவலகச் செலவில். ‘திருப்பிச் சொல்லுதல்’ உடனே நிறுத்தப்படுகிறது. கேட்பதும் பேசுவதும் ஒரே இடது பாதியில் நடப்பதால் அங்கே நெரிசல் உண்டாகிறது. டீ கொண்டுவருபவர் அனைவருக்கும் இடது புறமாகவே வர வேண்டும். டீ என்பது மொழி அல்ல. ஏலியாம்மா வாரபலன் பகுதிக்கு மாற்றப்படுகிறாள், நேரம் பத்து முதல் ஐந்து வரை.

பேபிச்சன் முதல் மூன்று நாள் வரலாறு படைத்தார். ரிசீவர் வலது காதில் என்பதால் அதை வலது கை பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த இடது கையால் எழுதினார். அந்த எழுத்தை அச்சுக்கோப்பவர் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

“பேபிச்சா, இது ‘ஔசேப்பு’வா, நண்டா?”

“வயசு போட்டிருக்கேன் பாரு, எழுபத்தாறு. எழுபத்தாறு வயசுல நண்டு சாகுமா?”

நான்காம் நாள் அவருக்கு ஒரு காது மட்டும் உள்ள ஹெட்போன் வந்தது. விஞ்ஞானம் கைகளை விடுவித்தது.

ஏலியாம்மா இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து எதிர்காலத்தை எழுதினாள். அவளுக்கு அது வரவில்லை. முடிந்துபோனவற்றைச் சரியாக எழுதுவதில் பழகிய கை அது. முதல் வாரம் சிம்ம ராசிக்கு, ‘குடும்பத்தினரின் பெயர்களையும் ஊர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது’ என்று எழுதினாள். கன்னி ராசிக்கு, ‘மருமக்களோடு மனஸ்தாபம் நீங்கும்; நீங்காவிட்டாலும் பெயர் விடுபடாது’ என்று எழுதினாள். டாக்டர் படித்துவிட்டு, வலது பாதி மெல்ல விழித்துக்கொள்கிறது என்றார்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை நான்கு மணிக்குப் பூஞ்ஞாரிலிருந்து பைலி அழைத்தார். பேபிச்சன் வலது காதில் ஹெட்போனும் இடது காதில் பஞ்சுமாக எழுதத் தொடங்கினார். பின்னால் டாக்டர் வாரியர் நின்றார். பக்கத்தில் குரியாச்சன் சார். அது ‘செயல் விளக்கம்’.

ஏலியாம்மா தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேபிச்சனின் பேனா ஓடியது. நடுவில் டாக்டர் குனிந்து, பஞ்சையும் தாண்டிக் கேட்கும்படி இரைந்து சொன்னார்: “இடது காதுக்குக் கவனம் போகக் கூடாது! வலது காதுல மட்டும்!” பேபிச்சன், புரிந்தது என்று இடது காதின் பக்கம் தலையாட்டினார். பேனா ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. பிறகு வைத்துவிட்டார்.

குரியாச்சன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம்! முன்னாடி அஞ்சு நிமிஷம் ஆகும்.”

ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஏலியாம்மா பேபிச்சனின் மேசைக்கு நேர் எதிரே நின்றாள்.

“சார், பைலிச்சேட்டன்கிட்ட திருப்பிக் கேட்டீங்களா?”

“திருப்பிக் கேட்டா நெரிசல்னு சொல்லியிருக்காரே. நீ போய் மேஷத்தைப் பாரு, ஏலியாம்மா.”

மறுநாள் காலை தங்கச்சன் கட்டன் காப்பியும் பத்திரிகையுமாக வந்தார். ஏலியாம்மா ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். பூஞ்ஞார் ப்ளாத்தோட்டத்தில் மறியக்குட்டி, எண்பத்து மூன்று. அந்தக் குடும்பத்தை அவளுக்குத் தெரியும். ஆறு வருடம் முன்பு மறியக்குட்டியின் கணவரை எழுதியவள் அவள்தான். நான்கு பிள்ளைகள். ஜோசுகுட்டி, சிஸ்டர் பெனிஞ்ஞா, லிஸ்ஸி, மினி. மருமக்கள் மூவர்.

கிரணம் இப்படிப் போட்டிருந்தது: ‘மக்கள்: ஜோசுகுட்டி – மனைவி ஆன்சி, பெனிஞ்ஞா – கணவர் ராய்ச்சன் (பஹ்ரைன்), லிஸ்ஸி – கணவர் சாபு (அயர்லாந்து), மினி.’

டாக்டர் இரைந்து சொன்ன அந்த நொடியில் பைலி சொன்ன ‘சிஸ்டர்’ என்ற சொல் விழுந்துபோயிருந்தது. மற்றதை வரிசை பார்த்துக்கொண்டது. லிஸ்ஸியின் கணவர் கன்னியாஸ்திரிக்குப் போனார். மினியின் கணவர் லிஸ்ஸிக்குப் போனார். மினிக்கு ஒருவரும் மிஞ்சவில்லை.

“யாராவது நம்ம ஆளா?” என்றார் தங்கச்சன்.

“செத்தவங்க நம்ம ஆள் இல்ல. ஆனா ஒரு கல்யாணம் நடந்திருக்கு,” என்றாள் ஏலியாம்மா.

அன்று பதினோரு மணிக்குள் கிரணத்துக்கு நாற்பது அழைப்புகள் வந்தன. எல்லாவற்றையும் பேபிச்சன் வலது காதிலேயே வாங்கினார். பஹ்ரைனிலிருந்து ராய்ச்சனும் அழைத்தார்.

“எனக்கு ஆட்சேபம் இல்ல சாரே. மடத்துல சாப்பாடு நல்லா இருக்கும்னு கேள்வி. லிஸ்ஸிக்கு மட்டும் நீங்களே சொல்லிடுங்க. அவ காலைலேருந்து அயர்லாந்து சாபு பேரைச் சொல்லியே என்கிட்ட பேசறா.”

ஆனால் மடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் பெனிஞ்ஞா அந்தக் கன்னியர் சபை நடத்தும் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. ஞாயிற்றுக்கிழமை, பிஷப் முன்னிலையில், சபையின் மாகாணத் தலைவியாகப் பொறுப்பேற்க இருந்தார். பள்ளிச் சுவரில் யாரோ ஒன்பதாம் பக்கத்தை வெட்டி ஒட்டி, கீழே ‘வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தார்கள். தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த பெண்மணி அதைத்தான் முதலில் பார்த்தார்.

நான்கு மணிக்குக் குரியாச்சன் சாரின் அறையில் கூட்டம். பேபிச்சன், டாக்டர், அறிக்கைகள், பஞ்சு. குரியாச்சன் சாருக்குத் தேவை ஒரு திருத்தம். அதைவிட முக்கியமாக ஒரு குற்றவாளி.

“பிழை எந்தக் காது வழியா வந்ததுன்னு பார்க்கணும்,” என்றார் டாக்டர். “என் கணிப்புல அது இடது காது. பஞ்சு தரமில்ல.”

“நீங்கதான் சாரே என் இடது காதுல கத்தினீங்க,” என்றார் பேபிச்சன்.

“நான் கத்தினது கவனத்தைப் பத்தி. அதை நீங்க கவனிச்சிருக்கவே கூடாது.”

மேசையில் தொலைபேசி அடித்தது. மடத்திலிருந்து மதர் கிளமன்சியா. குரியாச்சன் சார் எழுந்து நின்று பேசினார். பாதி வாக்கியத்துக்கு மேல் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பேபிச்சனைப் பார்த்தார்.

“திருத்தத்தை அவங்களே சொல்வாங்களாம். அதை எழுத ஒரு பொண்ணு இருந்தாளாமே, அவளைக் கூப்பிடச் சொல்றாங்க. அவங்க அண்ணன் செத்தப்போ அந்தப் பொண்ணுதான் எழுதினாளாம். வீட்டுல பதினொரு பிள்ளைங்க, நாலு பேர் மடத்துல, ஒரு பேர்கூட மாறலையாம். அவ எழுதலேன்னா இப்பவே பிஷப்புக்குப் போன் பண்றாங்களாம்.”

ஏலியாம்மா கும்ப ராசியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். குரியாச்சன் சார் ரிசீவரை நீட்டினார். அவள் இடது கையால் வாங்கி இடது காதுக்குக் கொண்டுபோனாள். டாக்டர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

“வலது! வலது காது! மறுபடியும் தப்பு நடக்கணுமா?”

“எனக்கு இதுதான் பழக்கம் சார்.”

“பழக்கம்தான் சேச்சி எதிரி. குரியாச்சன் சார், இன்னொரு தடவை பிழை வந்தா நான் பொறுப்பு இல்ல.”

“ஏலியாம்மா, டாக்டர் சொல்றபடி செய்,” என்றார் குரியாச்சன் சார்.

அவள் ரிசீவரை வலது காதில் வைத்தாள். அங்கே வழக்கம்போல ஒன்றுமில்லை. நாற்பத்தொன்பது வருடமாக அங்கே ஒன்றுமில்லை. மதர் கிளமன்சியா அந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பார். பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருப்பார். எதையாவது எழுதிவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். குடும்பம் தெரிந்த குடும்பம். ஆனால் மதர் சொல்வது வெறும் பெயர்கள்தானா, வேறு ஏதாவது சொல்கிறாரா? நாளைக் காலை சிஸ்டர் பெனிஞ்ஞா திறக்கப்போகும் பக்கம் அது.

எல்லோரும் அவள் பேனாவையே பார்த்தார்கள். பேனா நகரவில்லை.

“சார்,” என்றாள். “எனக்கு இந்தக் காது கேக்காது.”

“கவனத்தைக் குவிங்க சேச்சி, கேக்கும்.”

“ஏழு வயசுலேருந்து கேக்காது. செத்துப்போன காது சார். சேரும்போது பொய் சொல்லிட்டேன். என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. இந்தத் திருத்தத்தை மட்டும் எழுதிட்டுப் போறேன்.”

ரிசீவருக்குள்ளிருந்து “ஹலோ, ஹலோ” என்று ஒரு சின்னக் குரல் அறை முழுவதற்கும் கேட்டது. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் அதை இடது காதுக்கு மாற்றினாள்.

“மன்னிக்கணும் மதர். முதல்லேருந்து சொல்லுங்க.”

எழுதினாள். பிறகு, சுற்றறிக்கை எண் 7-ஐ மீறி, எல்லோர் முன்னிலையிலும், “திருப்பிச் சொல்றேன் மதர், கேளுங்க,” என்றாள். திருப்பிச் சொன்னாள். மதர் ஒரே ஓர் இடத்தில் திருத்தினார். பெனிஞ்ஞாவுக்கு முன்னால் ‘சிஸ்டர்’ மட்டும் போதாது, ‘ரெவரெண்ட் சிஸ்டர்’ என்று வேண்டும். வெறும் நினைவிலிருந்து எழுதியிருந்தால் அது விட்டுப்போயிருக்கும்.

அவள் ரிசீவரை வைத்ததும் டாக்டர் வாரியர் மேசையைத் தட்டினார். அவர் முகத்தில் வெற்றி.

“இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன்! ஒரு காதை மூடினா கவனம் கூடும். இருபத்திரண்டு வருஷம், ஒரு பிழை இல்ல. எந்தக் காதை மூடறதுங்கறதுல மட்டும்தான் சின்ன மாற்றம். பஞ்சை எல்லாரும் வலது காதுக்கு மாத்திக்கலாம்.”

குரியாச்சன் சார் யோசித்தார். விண்ணப்பத்தைத் தேடி எடுப்பது பெரிய வேலை; கிடைத்தாலும், அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மானேஜிங் எடிட்டராக இருந்தவர் தன் தகப்பனார் என்பது அவர் நினைவுக்கு வந்தது.

“நீ போய் உன் பழைய இடத்துல உக்காரு,” என்றார்.

டாக்டரின் இறுதி அறிக்கை அடுத்த வாரம் வந்தது. கனமான தாளில், மூளைப் படத்துடன் அச்சாகியிருந்தது. அதன்படி கிரணத்தில் முப்பத்தைந்து பேர் வேலை செய்கிறார்கள். முப்பத்து நான்கு பேருக்கு இரண்டு காதுகளும் நன்றாக வேலை செய்கின்றன. ‘மொத்தத்தில், சக ஊழியர்கள்பால் கூர்ந்த கவனம் உள்ள அலுவலகம்’ என்று முடித்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு காது கேட்காது என்பதை அந்த முப்பத்து நான்கு பேரும் இருபத்திரண்டு ஆண்டுகளாக அறியாமல் இருந்தது அறிக்கையில் இடம்பெறவில்லை. அதை அளக்கும் கருவி அவரிடம் இல்லை.

அன்று மதியம், தொலைபேசி அடிக்க ஆரம்பிப்பதற்கு முன், பேபிச்சன் எழுந்து வந்து ஏலியாம்மாவின் இடது பக்கம் நின்றார். அந்தப் பக்கத்தில் நின்று அவர் பேசுவது அதுதான் முதல் முறை.

“ஏலியாம்மா, உன் வலது பக்கத்துலயே இருபத்திரண்டு வருஷமா உக்காந்திருக்கேன். எவ்வளவு பேசியிருக்கேன்! எத்தனை தமாஷ் சொல்லியிருக்கேன். என் பொண்டாட்டி ஆனியம்மா ஆஸ்பத்திரியில கிடந்த ரெண்டு மாசம் தினமும் உன்கிட்டதான் புலம்பினேன். ஒரு தடவைகூட நீ வாயைத் திறக்கல. திமிர் பிடிச்சவள்னு நினைச்சேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.”

ஏலியாம்மா அவரைப் பார்த்தாள். ஆனியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தது அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

“பைலிச்சேட்டன்கிட்ட நான் தினமும் திருப்பிச் சொல்வேன் சார். நான் திருப்பிச் சொல்லாம அவர் போனை வைக்க மாட்டார். நீங்க ஒரு நாளாவது என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னீங்களா?”

பேபிச்சன் தலைகுனிந்தபடி திரும்பினார். தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். தொலைபேசி அடித்தது. அவள் ரிசீவரை எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டாள்.

பேபிச்சன் அதற்குப் பதில் சொன்னார். நிதானமாக, மனம் உருகி, நீண்ட நேரம் சொன்னார். வலது பக்கத்திலிருந்து.